மலையேறத் திணறும் பழைய டர்போ கார்

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் குன்னூர் ஏற்றத்தில் இழுக்கவில்லையா? உடனே எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மேல் பழி போடாதீர்கள். காரின் கணினித் தகவலைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை மாட்டுங்கள்.

சாவி ஆன், எஞ்சின் ஆஃப். காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மலையடிவாரமான மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 98, ஊட்டியில் 77-78 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். டர்போ இல்லாத கார் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி இழப்பது இயல்பு, பழுதல்ல.

பிறகு ஆள் நடமாட்டமில்லாத நேரான ஏற்றத்தில் மூன்றாம் கியர், 2,000 ஆர்பிஎம், முழு ஆக்சிலரேட்டர். ஸ்கேனரைப் பக்கத்து சீட்காரர் பார்க்கட்டும். எஞ்சின் கேட்கும் பூஸ்ட்டைவிட, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தைவிட, கிடைப்பது நன்றாகக் குறைந்தால் முதல் சந்தேகம் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ். கிளாம்ப்பை ஒட்டி எண்ணெயில் தூசி படிந்த கறுப்புக் கோடு தெரிகிறதா? ஹோஸின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவி, மடக்கிப் பாருங்கள். ஐடிலில் மூடியிருக்கும் வெடிப்பு அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்த்தால் சிக்காததற்கு அதுதான் காரணம்.

பூஸ்ட் சரி, ஆனால் வெட்டி வெட்டிப் போகிறது, இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்னும் பி0302 பிழைக் குறியீடும் ஸ்கேனரில் வருகிறது என்றால், அந்த சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். குறியீடு பி0303 (மூன்றாம் சிலிண்டர்) என்று மாறினால் காயில்தான் போச்சு. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும், பிறகு கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று) பாருங்கள்.

ஆர்பிஎம் எகிறியும் வேகம் ஏறவில்லையா? கிளட்ச் தேய்ந்துவிட்டது. மலையிலேயே ஓடிய காரில் இதை முதலிலேயே பார்த்துவிடலாம், ஸ்கேனர்கூட வேண்டாம்.