புண்பட்டதா, புண்படுத்தினோமா? ஒரு சொல்லில் நடக்கும் தவறுகள்

புண்படு என்பது தன்வினை, புண்படுத்து பிறவினை. ‘அவள் மனம் புண்பட்டது’ என்றால் நடந்தது மட்டும் தெரியும். ‘அவன் அவள் மனத்தைப் புண்படுத்தினான்’ என்றால் செய்தது யார் என்பதும் தெரிந்துவிடும். இரண்டுமே நல்ல தமிழ்தான். ஒன்று வரவேண்டிய இடத்தில் மற்றதைப் போடும்போதுதான் தவறு நடக்கிறது.

பெரும்பாலும் அது மன்னிப்புக் கேட்கும்போது நடக்கும். பொதுவாழ்வில் இருப்பவர்களின் வருத்த அறிக்கைகளைப் பாருங்கள்: ‘என் பேச்சால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’ ‘இருந்தால்’ என்ற ஐயமும் இருக்கிறது, கூடவே தன்வினையும் இருக்கிறது. பேசியவர் மெல்ல நழுவிவிடுகிறார். கேட்டவரின் மனம் தானாகவே புண்பட்டுக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. வீட்டிலும் இதேதான். ‘உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி’ என்றால் தங்கச்சிக்குக் கோபம் எப்படித் தணியும்? ‘நான் அப்படிப் பேசி உன்னைப் புண்படுத்திட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். மன்னிப்புக்கு அதுதான் சரியான வினை.

சட்டமும் இதில் கறாராகவே இருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே பேசுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 302ஆம் பிரிவு. யாரோ புண்பட்டார் என்பது மட்டும் அங்கே போதாது. பேசியவரின் நோக்கமும் வேண்டும். ‘உணர்வு புண்பட்டதாக வழக்கு’ என்று தலைப்புப் போட்டால் அந்த நோக்கம் கண்ணில் படாமலே போய்விடும்.

இன்னொரு தவறு என்னை உண்மையிலேயே வருத்துகிறது. ஒரு சுடுசொல், ஒரு கேலி மனத்தைப் புண்படுத்தும். ஒருவரை மாதக்கணக்கில் மிரட்டி, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திக்கொண்டே இருப்பதற்குப் பெயர் துன்புறுத்தல். அதையும் ‘புண்படுத்தினார்’ என்று எழுதுவது, அனுபவித்தவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் சில சின்னப் பிழைகள். ‘உன் மனம் புண்படுத்திவிட்டேன்’ என்பதில் ஐ உருபு விட்டுப்போயிருக்கிறது. மனம் என்றால் மனத்தை, மனது என்றால் மனதை. எதுவானாலும் பின்னால் ‘ப்’ மிகும்: மனத்தைப் புண்படுத்தாதே. பேச்சில் வரும் ‘நோகடித்தான்’ எழுத்திலும் அழகாகவே இருக்கும். ஆனால் மனம் ‘நோந்தது’ அல்ல, நொந்தது. ‘புன்படுத்து’ என்று றன்னகரம், அதாவது இரண்டு சுழி ‘ன்’, போடுகிறவர்களும் உண்டு. புன் என்றால் இழிந்த, அற்பமான என்று பொருள். காயத்துக்கு மூன்று சுழி ‘ண்’தான்.