சமுதாயக் கல்லூரியின் விளையாட்டுக் கணக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஈராண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறைக்குப் பல்கலைக்கழகங்களைப் போலத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் கிடையாது, அரங்கு நிறையும் கூட்டமும் கிடையாது. நுழைவுச்சீட்டில் வரும் பணம் பெரும்பாலான இடங்களில் பெயரளவுக்குத்தான். ஆனாலும் பட்ஜெட் கூட்டத்தில் "எங்கள் அணிகள் தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்கின்றன" என்று நிர்வாகம் சொல்வதுண்டு. அந்தக் கூற்று சரியா என்பதை அறங்காவலரோ, ஆசிரியரோ, கல்லூரிக்குச் சொத்துவரி செலுத்துபவரோ தாமே சரிபார்க்க முடியும். அதற்குக் கணக்காளராக இருக்க வேண்டியதில்லை. எந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் உங்கள் கல்லூரி எந்த அமைப்பின் கீழ் விளையாடுகிறது என்று பாருங்கள். 1938-இல் தொடங்கப்பட்ட தேசிய ஜூனியர் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவுக் கல்லூரிகள் கல்விக் கட்டணத்துடன் தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கும் விளையாட்டு உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் வைத்திருக்கின்றன. அங்கும் விளையாட்டு உதவித்தொகை இல்லை. ஆகவே இரு கல்லூரிகளின் மொத்தச் செலவை அருகருகே வைத்து ஒன்று ஊதாரி, மற்றொன்று சிக்கனம் என்று முடிவு கட்டுமுன், இரண்டும் ஒரே பிரிவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, 1994-ஆம் ஆண்டின் விளையாட்டுச் சமத்துவ வெளிப்படுத்தல் சட்டத்தின்படி கல்லூரி ஆண்டுதோறும் தயாரிக்கும் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்று, பிற கல்லூரிகளோடு போட்டியிடும் அணிகளை நடத்தும் இருபாலர் கல்லூரிகள் அனைத்தும் இதை வெளியிட்டாக வேண்டும்; கேட்பவருக்கு அக்டோபர் 15-க்குள் அது கிடைக்க வேண்டும். கல்வித் துறையின் இணையதளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். ஓர் ஆண்டு அறிக்கை மட்டும் போதாது. ஐந்தாறு ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான், ஓர் அணி புதிதாகச் சேர்ந்ததும் பயிற்சியாளர் மாறியதும் செலவில் எப்படித் தெரிகின்றன என்பது புலப்படும்.

இந்த அறிக்கையில் வாசகர்கள் ஏமாறும் இடம் வருவாய்ப் பகுதி. பல சமுதாயக் கல்லூரிகளின் அறிக்கையில் மொத்த வருவாயும் மொத்தச் செலவும் ஒரு டாலர்கூடப் பிசகாமல் ஒன்றாக இருக்கும். துறை தன் காலில் நிற்கிறது என்று இதற்குப் பொருளல்ல. கல்லூரியின் பொது நிதியிலிருந்து விளையாட்டுக்குத் தரப்படும் தொகை, மாணவர் செயல்பாட்டுக் கட்டணம், மாநில அரசின் உதவி ஆகிய எல்லாமே அந்தப் படிவத்தில் வருவாயாகத்தான் எழுதப்படுகின்றன. பற்றாக்குறையை ஈடுகட்டக் கல்லூரி போட்ட பணமும் வருவாய் என்ற பெயரிலேயே வருவதால், இரு பக்கமும் சமமாகிவிடுகின்றன. இது மோசடியன்று, படிவத்தின் அமைப்பே அப்படி. ஆனால் அந்தச் சமநிலையைச் சான்றாகக் காட்டி யாராவது பேசினால், "இதில் கல்லூரி போட்டது எவ்வளவு, வெளியிலிருந்து வந்தது எவ்வளவு?" என்று கட்டாயம் கேளுங்கள்.

செலவுப் பகுதியிலும் கவனம் தேவை. போட்டிநாள் செலவு என்ற தலைப்பில் பயணம், தங்கல், உணவு, சீருடை, உபகரணம், நடுவர் ஊதியம் ஆகியவை வரும். பயிற்சியாளர் சம்பளம் தனியே இருக்கும். அவர்களில் பலர் பகுதிநேரத்தவர் என்பதால், சராசரிச் சம்பளத்தைப் பார்க்கும்போது முழுநேரப் பணியாளருக்குச் சமமாக்கிக் கணக்கிட்ட எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். எந்த அணிக்கும் பிரித்து எழுதப்படாத செலவு என்று ஒரு வரி இருக்கும். அது பெரிதாக இருந்தால், அணிவாரியான எண்களை அப்படியே நம்ப முடியாது. உடற்பயிற்சிக் கூடத்தின் மின்கட்டணம், மைதானப் பராமரிப்பு, கல்லூரி வேன்களின் பழுதுபார்ப்பு போன்றவை வேறு துறைகளின் கணக்கில் கிடக்கலாம். இவற்றுக்குக் கல்லூரியின் விரிவான பட்ஜெட்டையும், தேவைப்பட்டால் மாநிலத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பேருந்து வாடகை, காப்பீட்டுக் கட்டண ரசீதுகளையும் கேட்டுப் பெறலாம்.

காப்பீட்டை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. அரிசோனாவின் மாரிகோபா மாவட்டத்துச் சமுதாயக் கல்லூரிகள் நான்கில் கால்பந்தை, அதாவது அமெரிக்கக் கால்பந்தை, நிறுத்துவதாக 2018-இல் அறிவித்தபோது செலவுதான் முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதில் காப்பீட்டுக்கும் பெரும் பங்கு இருந்தது. அணியில் ஆட்கள் அதிகம், காயங்களும் அதிகம் என்பதால் இந்த ஒரு விளையாட்டை எப்போதும் தனியே பிரித்துக் கணக்கிடுவது நல்லது.

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். சமுதாயக் கல்லூரிகள் அணிகளை நடத்துவதற்குச் சொல்லும் வலுவான நியாயம் மாணவர் சேர்க்கை. தேசியச் சங்கத்தின் விதிப்படி விளையாடுபவர் கல்விப் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் மதிப்பலகு) எடுத்து முழுநேர மாணவராக இருக்க வேண்டும். பெரும்பாலோர் பகுதிநேரமாகப் படிக்கும் இடத்தில் இது கல்லூரிக்குப் பெரிய அனுகூலம். இந்த நியாயத்தை நான் மதிக்கிறேன், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை அளவிடும் முறையில்தான் பிழை நேர்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேஸ்பால் அணியில் 30 பேர். ஒருவருக்கு ஆண்டுக் கட்டணம் 4,000 டாலர், முழுநேர மாணவருக்காக மாநிலம் தருவது 3,000 டாலர், அணிக்கு ஆகும் செலவு 95,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் 30-ஐ 7,000-ஆல் பெருக்கி 2,10,000 டாலர் வரவு என்று காட்டும். 1,15,000 டாலர் உபரி என்று தோன்றும். ஆனால் அணியில் 12 பேர் உள்ளூர்க்காரர்கள், அணி இல்லாவிட்டாலும் இதே கல்லூரியில்தான் சேர்ந்திருப்பார்கள் என்றால், அணியால் வந்தவர்கள் 18 பேர் மட்டுமே. அந்த 18 பேரின் கட்டணம் 72,000 டாலர். அவர்களில் 12 பேருக்குக் கட்டண விலக்கு தந்திருந்தால் 48,000 டாலர் வரவே வராது, மிஞ்சுவது 24,000. மாநிலத் தொகை 54,000-ஐச் சேர்த்தால் மொத்தம் 78,000 டாலர். இப்போது 17,000 டாலர் பற்றாக்குறை. எண்கள் மாறினால் விடையும் மாறும். உபரியே வரவும் கூடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: அணி இல்லாவிட்டால் இவர்களில் எத்தனை பேர் வந்திருக்கமாட்டார்கள்?

அதற்குத் துல்லியமான விடை யாரிடமும் இருக்காது. என்றாலும் வீரர்களின் வீட்டு முகவரி கல்லூரி மாவட்டத்துக்கு, அதாவது அது சேவை செய்யும் பகுதிக்கு, உள்ளேயா வெளியேயா என்ற தொகுப்பு எண்ணிக்கையைப் பதிவாளர் அலுவலகம், பெயர்களை வெளியிடாமலே தர முடியும். அது ஓரளவு நம்பத்தக்க மதிப்பீடு. கட்டண விலக்கு ஏற்கெனவே செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால் அதை மறுபடியும் கழிக்க வேண்டாம். உங்கள் மாநிலத்தின் நிதிமுறை சேர்க்கையை ஒட்டியதா என்றும் விசாரியுங்கள். அப்படி இல்லாத இடத்தில் அந்த 54,000 டாலர் வராது.

எண்ணிக்கை எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். சமத்துவ அறிக்கை, போட்டிப் பருவத்தின் முதல் போட்டி நாளில் அணியில் இருந்தவர்களைக் கணக்கில் கொள்கிறது. நடுவில் படிப்பை விட்டுப் போனவரும் அதில் இருப்பார். ஆகவே இரண்டாம் கல்விப் பருவத்துக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர், பட்டமோ சான்றிதழோ பெற்றவர்கள் எத்தனை பேர் என்று தனியே கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை, 17,000 டாலர் பற்றாக்குறையில் நடக்கும் ஓர் அணியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடித்து நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச் செல்கிறார்கள் என்றால் அது நியாயமான செலவு. பாதிப் பேர் முதல் ஆண்டிலேயே காணாமற்போகும் அணி, உபரி காட்டினாலும் எனக்கு ஏற்புடையதன்று.

அணியைக் குறைக்கும் பேச்சு வந்தால், மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் (Title IX) குறுக்கே நிற்கும். சமுதாயக் கல்லூரி மாணவர்களில் நாடளவில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். பல கல்லூரிகளில் விளையாடுபவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். செலவைக் குறைக்கப் பெண்கள் அணி ஒன்றை நிறுத்தினால் இந்த இடைவெளி விரிந்து, வழக்குச் செலவு மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடலாம். சேர்க்கையில் பெண்களின் விழுக்காட்டையும், விளையாடுபவர்களில் பெண்களின் விழுக்காட்டையும் ஒரே தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். பல கல்லூரிகளின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால், கேள்விகளை எழுத்து வடிவில் குளிர்காலத்திலேயே கொடுத்துவிடுங்கள்; பட்ஜெட் வரைவு அச்சான பிறகு கேட்டால், அடுத்த ஆண்டில் பார்க்கலாம் என்ற பதில்தான் வரும்.