கல்லு உருளுற பாறையில ஏறப் போறீங்களா, ஹெல்மெட் விஷயத்துல இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

வேலூர சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை மலை தான், அதனால லீவு நாள்னா பசங்க கூட்டமா கெளம்பிடறாங்க, ஷூவ மட்டும் கடை கடையா ஏறி எறங்கி வாங்கறாங்க, தலைய சாமி பாத்துக்கும்னு விட்டுடறாங்க. சோளிங்கர் மாதிரி படிக்கட்டு மலைக்கு நான் சொல்லல. கைய ஊனி ஏறணும், கால் வச்சா சரளை சரியும், அந்த மாதிரி எடத்துக்கு தான் சொல்றேன்.

"நான் என்ன விழவா போறேன்"னு கேக்கறாங்க. சரி நீங்க விழல, மேல போறவன் கால்ல பட்ட கல்லு விழுமே? பர்வதமலையில பாறைல கடப்பாரை அடிச்சு வச்சிருக்கற படி பக்கம் போய் பாருங்க, ஒருத்தர் தலைக்கு மேல இன்னொருத்தர் காலு. ஆளே இல்லாத மலைன்னா கொரங்கும் ஆடும் தட்டி விடும். அரை கிலோ கல்லு 20 மீட்டர் நேரா விழுந்தா மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்துல வந்து அடிக்கும். மலையேறுற ஹெல்மெட்டுக்கு இ.என். 12492னு ஒரு ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல 5 கிலோ எடைய 2 மீட்டர்லேர்ந்து உச்சில போட்டு பாப்பாங்க, கணக்கு போட்டா ரெண்டும் ஒரே சக்தி தான். அதுக்கு மேல பெரிய கல்லுன்னா ஹெல்மெட்ட நம்பாதீங்க, கல்லு வர்ற வழிய விட்டு ஒதுங்கி நில்லுங்க.

பைக் ஹெல்மெட்டயே மாட்டிகினு போறவங்களும் இருக்காங்க. ஒரு கிலோவுக்கு மேல கனம், காத அடைச்சுடும், மேலேர்ந்து "கல்லு கல்லு"னு கத்தினா கேக்காது, நம்ம ஊரு வெயில்ல பத்து நிமிஷத்துல கழட்டி கைல மாட்டிப்பீங்க. கட்டட வேலை மஞ்சள் ஹெல்மெட்டும் வேணாம், நெறைய பீஸுக்கு தாடை நாடாவே இருக்காது, குனிஞ்சா கழண்டு நமக்கு முன்னாடி கீழ போயிடும்.

சரியான ஹெல்மெட்ட வாங்கிட்டு அத பின்னாடி தள்ளி, நெத்தி பூரா தெரியற மாதிரி போட்டுப்பாங்க, போட்டோவுக்காக தான் வேறென்ன. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் அளவு தான் தெரியணும். நாடாக்கும் தாடைக்கும் நடுவுல ஒரு விரல் போனா போதும். உள்ள தொப்பி, கொண்டையெல்லாம் வேணாம், சரியா உக்காராது.

பெரிய தப்பு எதுன்னா, செங்குத்து ஆரம்பிக்கறப்ப போட்டுக்கலாம்னு முதுகுப் பைக்குள்ளயே வச்சிருக்கறது. மேல ஏறிகினு இருக்கறவங்க தள்ளற கல்லு நீங்க அடிவாரத்துல ஒக்காந்து தண்ணி குடிக்கறப்பவே வந்துடும். எறங்கறப்பவும் கழட்டாதீங்க, அப்ப தான் எல்லாருக்கும் கால் ஓய்ஞ்சு கல்ல தள்ளிவிட்டுகினே வருவாங்க.

சத்தம் கேட்டதும் அண்ணாந்து பாக்கறாங்க பாருங்க, மூஞ்சிக்கு ஏது ஹெல்மெட்? பாறையோட ஒட்டிக்கங்க, தலைய குனிஞ்சுக்கங்க. குறுகலான இடுக்குல ஒருத்தர் தாண்டி ஓரமா ஒதுங்கின பிறகு அடுத்தவர் ஏறுங்க, முடியலன்னா ரொம்ப நெருக்கமா போங்க, கல்லு வேகம் புடிக்கறதுக்குள்ள கைலயே நிறுத்திடலாம்.

ஒரு தடவ பலமா அடி வாங்கின ஹெல்மெட் வெளிய நல்லா தெரிஞ்சாலும் உள்ள நுரை நசுங்கியிருக்கும், தம்பிக்கு ஆகும்னு எடுத்து வைக்காதீங்க, தூக்கி போட்டுடுங்க.