மரம் மேலே போகப் போக எவ்வளவு மெலியும்? ஒரு சூத்திரத்தில் கணக்கிடலாம்

மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், நாடா சுற்றி விட்டம் எடுப்பது எளிது. பத்து மீட்டர் உயரத்தில் அதே மரம் எவ்வளவு பருமன் என்று கேட்டால்தான் முழிக்க வேண்டியிருக்கும். இதற்கென்று நிறைய கணித மாதிரிகள் உண்டு. வனவியல் ஆய்வாளர்கள் மேக்ஸும் பர்க்கார்ட்டும் 1976-ல் மரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதினார்கள். கோசாக் 1988-ல் சூத்திரத்தின் அடுக்கையே (எத்தனை மடி என்று சொல்லும் எண்) உயரத்துக்கு ஏற்ப மாறவிட்டார். புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றில் கை வைக்க வேண்டாம். ஆர்மராட் 1973-ல் தந்த எளிய சூத்திரம் போதும்:

வி = ம × ((உ − த) ÷ (உ − 1.3))^அ

ம என்பது மார்பளவு விட்டம், உ மரத்தின் மொத்த உயரம், த நமக்கு வேண்டிய உயரம், வி அங்குள்ள விட்டம். தெரியாதது அ என்ற அடுக்கு மட்டும்தான். அது 0.5 என்றால் மரம் பரவளைய வடிவம், 1 என்றால் நேர்க்கூம்பு.

முதலில் அளவுகள். வெட்டிச் சாய்த்த மரம் கிடைத்தால் நல்லது. நான் எடுத்த மரம் 20 மீட்டர், ம = 30 செ.மீ. மற்ற அளவுகள், எல்லாமே பட்டையோடு:

0.3 மீ: 36 செ.மீ.
5 மீ: 25.5
8 மீ: 22
11 மீ: 18
14 மீ: 14

அடுத்து விரிதாளில் இரண்டு பத்திகள். முதல் பத்தியில் (உ − த) ÷ (உ − 1.3)-இன் மடக்கை, இரண்டாவதில் வி ÷ ம-வின் மடக்கை. முதலாவதை எக்ஸ், இரண்டாவதை ஒய் என்று வைத்துக்கொள்வோம். இயல் மடக்கையே எடுங்கள். நுனிப் புள்ளியைச் சேர்க்காதீர்கள், பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது.

இனி வருவதுதான் என்னை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது. கோட்டின் சாய்வுதானே அ என்று நினைத்து விரிதாளின் 'ஸ்லோப்', 'இன்டர்செப்ட்' இரண்டையும் போட்டேன். அ = 0.77 வந்தது. சரி என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால், 1.3 மீட்டரில் விட்டம் 32.1 செ.மீ. என்கிறது. நாடா வைத்து நானே அளந்தது 30!

தவறு இரண்டு. ஒன்று, த = 1.3 என்றால் அடைப்புக்குள் 1 வருகிறது, வி = ம ஆகிவிடுகிறது. ஆகவே கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போயாக வேண்டும், வெட்டுத்துண்டுக்கு ('இன்டர்செப்ட்') இடமே இல்லை. 'ஸ்லோப்' அதைக் கண்டுகொள்ளாது. இன்னொன்று, 0.3 மீட்டர் புள்ளி. வேர்ப்பகுதியில் மரம் புடைத்து விரியும், இந்தச் சூத்திரத்துக்கு அந்தப் புடைப்பு தெரியாது. 1.3-க்குக் கீழே உள்ளதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கணக்கு ஒரே வரிதான்: எக்ஸ், ஒய் பெருக்குத்தொகையை எக்ஸின் வர்க்கத்தொகையால் வகுங்கள். 'சம்ப்ராடக்ட்', 'சம்ஸ்க்யூ' இரண்டும் போதும். மீதி நான்கு புள்ளிகளுக்கு 1.4134 ÷ 2.0724, அதாவது அ = 0.68. இதற்கெல்லாம் புள்ளியியல் மென்பொருளைத் திறப்பது கொசுவுக்குக் கோடரி எடுப்பது போல.

இப்போது 10 மீட்டரில் விட்டம் 19.6 செ.மீ. விட்டம் 15 செ.மீ.க்கு இறங்குவது எங்கே என்று திருப்பியும் கேட்கலாம்: 13.25 மீட்டரில். மொத்தக் கன அளவு வேண்டுமானால் மார்பளவுக் குறுக்குப்பரப்பை உ-வால் பெருக்கி, (உ ÷ (உ − 1.3))^(2அ)-வாலும் பெருக்கி, (2அ + 1)-ஆல் வகுக்க வேண்டும். இந்த மரத்துக்கு 0.656 கன மீட்டர். அடிப்புடைப்பு இதில் சேராது. 0.3 மீட்டரில் சூத்திரம் 31.1 என்கிறது, மரமோ 36.

பின்சேர்க்கை: அ சரியாக வந்தும் கன அளவு பத்து மடங்கு வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். விட்டத்துக்குப் பதில் சுற்றளவைப் போட்டிருக்கிறார். வி ÷ ம என்பது விகிதம், இரண்டுமே சுற்றளவாக இருந்தால் அ மாறவே மாறாது, அதனால்தான் பிழை கண்ணில் படவில்லை. கன அளவில் மட்டும் பையின் வர்க்கம், அதாவது 9.87 மடங்கு, ஏறிவிடும். நாடாவில் படித்ததை 3.1416-ஆல் வகுத்துவிட்டுத் தாளில் ஏற்றுங்கள்.