கனடாவில் மரச்சட்ட வீட்டுக்குக் குடிபோகும் முன்: சுவருக்குள் தீ போகும் வழி

ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்து வீடு தேடுகிறவர்கள், வெளியே செங்கல் தெரிந்தால் அது கல்வீடு என்று நம்பிவிடுகிறார்கள். புறநகர்களில் கடந்த சில பத்தாண்டுகளில் கட்டிய வீடுகளில் அந்தச் செங்கல் பெரும்பாலும் ஒற்றை வரிசைப் போர்வைதான். எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். மரவீடு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த மரத்தை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தீ ஓர் அறையோடு நிற்குமா, கூரைவரை ஏறுமா என்பது இருக்கிறது. வாடகையும் பள்ளிக்கூடமும் பஸ் தடமும் விசாரிக்கும்போது இதையும் விசாரித்துவிடுங்கள்.

முதலில் பழைய வீடுகள். 1830-களில் சிகாகோவில் தொடங்கி, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை வட அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்த முறை பலூன் ஃப்ரேம். இதில் சுவரின் செங்குத்துச் சட்டங்கள், அதாவது ஸ்டட்கள், அடித்தளத்தின் தலையிலிருந்து கூரைவரை இரண்டு மாடிக்கும் ஒரே நீளமாக ஓடும். மேல்மாடித் தரையைத் தாங்கும் ஜாயிஸ்டுகள், ஸ்டட்களில் வெட்டிப் பதித்த ஒரு குறுக்குப் பலகைமேல் உட்கார்ந்திருக்கும். ஆகவே இரண்டு ஸ்டட்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பேஸ்மென்ட் எனும் நிலவறையிலிருந்து, கூரைக்கு நேர் கீழே உள்ள அட்டிக் எனும் பரண்வரை எங்கும் அடைபடாமல் போகிறது. தீப்பிடித்தால் அந்த இடைவெளி ஒரு புகைபோக்கிதான். கீழே கிளம்பும் சூடான வாயு அதற்குள் இழுக்கப்பட்டு, சில நிமிடங்களில் அட்டிக்குக்குப் போய்விடும். வழியில் ஜாயிஸ்டுகளுக்கு இடையிலும் புகுந்து தரைக்கடியில் பக்கவாட்டில் பரவும். நடுமாடியில் இருப்பவருக்குச் சுவர் சாதாரணமாகவே தெரியும். இதனால்தான் இப்படிப்பட்ட வீட்டில் பேஸ்மென்ட் தீ என்றால், தீயணைப்புப் படையினர் சீக்கிரமே அட்டிக்கையும் சோதிக்கிறார்கள்.

பிறகு வந்த பிளாட்ஃபார்ம் ஃப்ரேம் முறையில் ஒவ்வொரு மாடியும் தனித்தனி மேடை. ஒரு மாடி உயரத்துக்கு மட்டும் ஸ்டட் நிற்கும். அதன் தலையிலும் காலிலும் படுக்கைவாட்டில் கட்டைகள் மூடியிருக்கும். தீ மேலே போக வேண்டுமானால் அந்தக் கட்டைகளை எரித்துக்கொண்டு போக வேண்டும். தப்பிப்பதற்கு நமக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். என்றாலும் குழாய்க்கும் ஒயருக்கும் போட்ட ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு குறைந்துபோகும்.

புது வீடு என்றால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்போது தரைக்கடியில் நிறைய வீடுகளில் ஐ-ஜாயிஸ்ட் போடுகிறார்கள்: மேலும் கீழும் மரம், நடுவில் மரச்சீவல்களை ஒட்டிச் செய்த மெல்லிய பலகை. நன்றாக எடை தாங்கும், ஆனால் நடுப்பலகை சீக்கிரம் எரிந்துவிடும். பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் நிறுவனம் செய்த சோதனைகளில், அடியில் எந்த மூடலும் இல்லாத பழைய கெட்டி மரத் தரை சுமார் 18 நிமிடம் தாங்கியது. ஐ-ஜாயிஸ்ட் தரை சுமார் 6 நிமிடத்தில் இடிந்தது. அடியில் டிரைவால் எனும் ஜிப்சம் பலகையை அடித்தபோது இரண்டுமே கூடுதல் நேரம் நின்றன. டிரைவாலுக்குள் இருக்கும் ஜிப்சத்தில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர்தான். அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் அவ்வளவாகச் சூடேறாது.

இதைச் சொல்வதற்குக் காரணம், நம்மில் பலரின் முதல் வீடு பேஸ்மென்ட்தான். பார்க்கப் போகும்போது முதலில் தலையைத் தூக்கி உட்கூரையைப் பாருங்கள். ஜாயிஸ்ட் வெறுமையாகத் தெரிகிறதா? டிரைவால் இருந்தாலும் ஓட்டையும் விரிசலுமாக இருக்கிறதா? பெர்மிட் எடுத்துக் கட்டிய குடியிருப்புதானா என்று நகராட்சியில் கேளுங்கள். படுக்கையறை ஜன்னல் வழியாக ஓர் ஆள் வெளியேற முடிய வேண்டும். கனடாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் திறப்பு 0.35 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஜன்னலைக் கையால் திறந்து பார்த்துவிடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பழைய வீட்டை வாங்குகிறவர்கள் பலூன் ஃப்ரேமா என்று தாங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பேஸ்மென்டில் வெளிச்சுவர் தரைத்தளத்தைத் தொடும் இடத்தில் டார்ச் அடித்து மேலே பாருங்கள். ஸ்டட்களுக்கு இடையே தடுப்பே இல்லாமல் இருட்டாக மேலே போனால் சந்தேகப்பட வேண்டியதுதான். அட்டிக் விளிம்பிலிருந்து கீழே பார்த்தாலும் இதே திறப்பு தெரியலாம். வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். தீர்வு ஒன்றும் பெரிய மர்மம் இல்லை: பேஸ்மென்டிலும் அட்டிக்கிலும் எட்டும் இடங்களில் கட்டை வைத்தோ, மினரல் வுல் எனும் எரியாத கனிமப் பஞ்சைத் திணித்தோ அந்த வாயை அடைப்பார்கள். சுவரைத் திறக்கும் புதுப்பிப்பு வேலை வந்தால் மாடித் தளத்தின் மட்டத்திலும் அடைக்கச் சொல்லுங்கள். பீங்கான் குமிழ் வைத்த பழைய ஒயர் ஓடும் சுவரில் மட்டும் எதையும் திணிக்காதீர்கள். அந்த ஒயர் சூடு வெளியேறக் காற்று வேண்டும். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் அங்கே கைவைக்க வேண்டும்.

அப்புறம், ஒன்டாரியோவில் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாடகை வீட்டில் அது வேலை செய்யும்படி வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. சமையல் புகைக்குக் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றிவைக்காதீர்கள். பலூன் ஃப்ரேம் வீட்டில் ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் இணைப்பு அலாரம் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள். மூடிய கதவு புகையை நிறுத்தித் தரும் நேரம் பெரிது.

சுவர் தொட்டால் சுடுகிறது, பிளக் ஓட்டை வழியாகப் புகை வருகிறது என்றால் உடைத்துப் பார்க்க நிற்காதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிப்போய் 911-ஐ அழையுங்கள். உள்ளே யாராவது இருக்கிறார்களா, தீ பேஸ்மென்டிலா, சுவருக்குள்ளா, வீடு எவ்வளவு பழையது என்று தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் முகவரியைச் சொல்லிவிட்டுத் தமிழ் என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.