நுண்ணோக்கி லென்ஸில் சிலந்தியின் முகம்

செட்டிநாட்டு வீடுகளின் வளவுத் தூண்களிலும் உத்தர இடுக்குகளிலும் தாவும் சிலந்திகள் கழற்றிய சட்டைகள் கிடைக்கும். நுண்ணோக்கி லென்ஸைக் கேமராவில் பூட்டிப் படமெடுக்கப் பழகுவோருக்குத் தொடக்கத்தில் அவையே நல்லவை: அசையாது, எந்த உயிரையும் கொல்ல வேண்டாம்.

10எக்ஸ் (பத்து மடங்கு உருப்பெருக்கம்), 0.25 என்.ஏ. (ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு), ‘160’ (மி.மீ. குழாய் நீளம்) எனப் பொறித்த நுண்ணோக்கி லென்ஸ் போதும். நுண்ணோக்கி லென்ஸ்களின் திருகு அளவான ஆர்.எம்.எஸ். அடாப்டரில் பூட்டி, லென்ஸின் தோளிலிருந்து (திருகு மரை முடியும் விளிம்பு) கேமரா சென்சார் வரை சுமார் 150 மி.மீ. வருமாறு எக்ஸ்டென்ஷன் டியூப்களை (கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய்கள்) சேருங்கள். ‘160’க்குப் பதில் முடிவிலிக் குறி (∞) இருந்தால், பிம்பத்தைச் சென்சாரில் குவிக்கத் தனி டியூப் லென்ஸ் கட்டாயம். குழாயின் உட்புறம் பளபளத்தால் படம் வெளிறும். கறுப்பு வெல்வெட் ஒட்டுங்கள்.

ஒரு படத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 9 மைக்ரான்தான் (மைக்ரான்: மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதனால் கேமராவை முன்னோக்கி நகர்த்தி 5 மைக்ரானுக்கு ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே படமாக அடுக்க வேண்டும்: 1 மி.மீ. ஆழத்துக்கு 200 படங்கள். ஒவ்வொரு நகர்வும் பெரிதானால் அடுக்கிய படத்தில் மங்கல் பட்டைகள் விழும். படங்களை ஹெலிகான், ஜெரீன் போன்ற அடுக்கு மென்பொருளில் சேர்க்கலாம்.

பெரும்பாலும் கெடுப்பது அதிர்வுதான். மரத்தள மாடியைத் தவிர்த்து, ஆத்தங்குடிக் கல் பதித்த கீழ்த்தளத்தில் மேசை போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிளாஷின் திறனை 1/16 அளவுக்குக் குறைத்தால் அது ஒளிரும் நேரம் குறுகி, படத்தில் அசைவு உறையும். சட்டையைச் சுற்றி டிரேசிங் தாளை உருளையாக நிறுத்தினால் ஒளி மென்மையாகும். முற்றத்து வெயிலை நம்பாதீர்கள்: ஒரு மேகம் கடந்தாலே அடுக்கின் வெளிச்சம் மாறிவிடும்.