மூடுபனியும் பழைய சர்க்கரைக் குடுவையும்

குன்னூரில் மூடுபனி இறங்கிவிட்டால் சர்க்கரை கட்டிதட்டிவிடும். ஓட்டை போட்ட உலோக மூடியோடு பாட்டி காலத்துக் கண்ணாடிக் குடுவை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. மூடி இறுகிவிட்டதா? கத்தி வைத்து நெம்பாதீர்கள், கண்ணாடி விளிம்பு தெறித்துவிடும். வெந்நீரில் பிழிந்த துணியை மூடியின் மேல் மட்டும் 2 நிமிடம் சுற்றுங்கள். கண்ணாடியைவிட உலோகம் கூடுதலாக விரியும், மூடி இளகும். குடுவைக்குள் கொதிநீர் ஊற்றவே வேண்டாம்; குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும். சிலவற்றில் உலோகக் கழுத்தை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டியிருப்பார்கள், அவற்றைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். மரையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் முழுக்கத் துடைத்த பிறகே சர்க்கரை. இரவு முழுக்கக் கவிழ்த்துக் காயவைத்து, பாதியளவு நிரப்புங்கள். வறுத்து ஆறவைத்த அரிசியைச் சிறு துணியில் முடிந்து உள்ளே போட்டால் சர்க்கரை உதிரியாகவே விழும்.